ஏழு தரம் சவளக்கடை

ஸஹ்றா சீப்பைக் கையில் எடுத்துவிட்டால் நப்லாவைப் பிடிக்க முடியாது. குசினிக்குள் புகுந்து, பின்கதவால் பாய்ந்து, கிணற்றடியைச் சுற்றி, மறுபடி முன்வாசலால் வீட்டுக்குள் வருவாள். நாலு வயதுக் கால்களுக்கு அவ்வளவு தெம்பு எங்கிருந்துதான் வருமோ தெரியாது. பின்னால் ஸஹ்றா துரத்துவாள்.

"நில்லுடி! சிக்குத் தலையோட போனா சவளக்கடை மாமி என்னயத்தான் ஏசுவா. நில்லு எண்டுறன்!"

"மாமி ஏச மாட்டா! மாமி நல்லம்! சாச்சிதான் கூடா!"

"ஓம், நான் கூடாதான். வா இஞ்ச."

கடைசியில் கிணற்றுக்கட்டருகில் பிடிபடுவாள். ஸஹ்றாவின் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இறுகி நின்று, ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டே இரட்டைப் பின்னல் போட்டுக்கொள்வாள். பின்னல் முடிந்த கையோடு கத்தலும் நின்றுவிடும். கண்ணீரும் மூக்குச் சளியுமாகச் சாச்சியின் கன்னத்தில் ஒரு முத்தத்தை அப்பிவிட்டு, வாப்பாவின் மோட்டார் சைக்கிளை நோக்கி ஓடுவாள். அவளைப் பெற்ற வாப்பா நிப்றாஸ் இதையெல்லாம் முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். அந்த வருடத்துக் கோடையில், மருதமுனையிலுள்ள அந்த வீட்டில், ஏழு வெள்ளிக்கிழமைகள் இப்படித்தான் தொடங்கின.

பயணம் போவதாகப் பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தாள். வாப்பாவோ அவளை வீடு மாற்றப் பழக்கிக்கொண்டிருந்தான். அதை அவளிடம் வாய்விட்டுச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

எங்கள் கிழக்கிலங்கைக் கரையோரத்து வழக்கத்தை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. பெண் பிறந்ததும் தகப்பன் கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்கிவிடுகிறான். கலியாணத்தோடு மாப்பிள்ளை ஒரு பெட்டிக்குள் உடுப்புகளை அடுக்கிக்கொண்டு பெண் வீட்டில் வந்து குடியேறுகிறான். அவன் பிறந்து வளர்ந்த வீடு அவனுடைய ராத்தாவுக்கோ தங்கச்சிக்கோ போய்விடும். உம்மா வீட்டில் கொஞ்சக் காலம், பெண்சாதி வீட்டில் மிச்சக் காலம், பிறகு மையவாடியில் ஆறடி மண். பெண்சாதி உயிரோடு இருக்கும்வரை இது எந்த ஆணுக்கும் உறைப்பதில்லை. கூரை ஓடு மாற்றுவான், கிணறு இறைப்பான், மதிலுக்குச் சுண்ணாம்பு அடிப்பான், 'என்ட வீடு' என்றுகூடச் சொல்லிக்கொள்வான். அவள் போன பிறகுதான் தான் பெட்டியோடு வந்தவன் என்பது ஞாபகத்துக்கு வரும்.

நிப்றாஸின் மனைவி றிஸ்னா மௌத்தாகி இரண்டு வருடம். காய்ச்சல் என்று படுத்தவள் ஆறாம் நாள் எழும்பவில்லை. நப்லாவுக்கு அப்போது பேச்சுக்கூடச் சரியாக வரவில்லை. றிஸ்னாவின் உம்மா சுபைறாவும் தங்கச்சி ஸஹ்றாவும்தான் பிள்ளையை ஏந்திக்கொண்டார்கள். நிப்றாஸ் தன் பாயைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்துவிட்டான். கல்முனை றோட்டில் அவனுக்கு மோட்டார் சைக்கிள் திருத்துகிற கராஜ் ஒன்று உண்டு. அதன் பழைய சாமான்கள் கிடந்த அறை அது. டயர் மணக்கிற அந்த அறைக்குள் இரண்டு வருடத்தைக் கழித்துவிட்டான்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பின்னேரம், றிஸ்னாவின் சாச்சா ஒருவர் அவனை மதிலோரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "ஸஹ்றாவ முடிச்சிக்கொள்ளுங்களன் மருமகன். புள்ளைக்கும் நல்லம், வீடும் குலையாது" என்றார். ஊரிலே நடக்காத காரியம் இல்லை. ஆனால் நிப்றாஸ் மாப்பிள்ளையாக அந்த வீட்டுக்கு வந்தபோது ஸஹ்றா ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. அவளுக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கினவனே அவன்தான். "அவ எனக்குத் தங்கச்சி. இனி இந்தக் கதையக் கதைக்காதீங்க" என்று முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டான். நல்ல மனிதன் சொல்லக்கூடிய பதில்தான். உள்ளே கதவோரம் நின்ற ஸஹ்றாவுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

இப்போது ஸஹ்றாவுக்குச் சம்பந்தம் சரிவந்துவிட்டது. மாப்பிள்ளை ஸஜாத், கல்முனையில் தபால் கந்தோரில் வேலை, சோலி சுரட்டு இல்லாத பையன். ஸஹ்றாவுக்கென்று அவளுடைய வாப்பா வளவின் மறுபக்கத்தில் அத்திவாரம் போட்டிருந்தார். அவர் மௌத்தானதோடு அது அத்திவாரமாகவே நின்று புல் முளைத்துவிட்டது. ஆகவே இருக்கிற வீடுதான் ஸஹ்றாவுக்கு. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு கலியாணக் காவின் என்று நாள் குறித்த அன்று, சுபைறா முன்னறை வாசலுக்கு வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"மருமகன், புது மாப்புள வந்தா மறுகா..."

"வெளங்குது மாமி. நான் அதுக்கு முன்ன போயிருவன்."

"உங்களப் போகச் சொல்லி என்ட வாயால நான் சொல்லல்ல."

"நீங்க சொல்லல்ல. நானாத்தான் போறன்."

சுபைறா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கேட்க வந்த கேள்வி அது இல்லை. நிப்றாஸுக்கும் அது தெரியும்.

"நப்லாவ நான் கொண்டு போறன் மாமி. ராத்தா வீட்ட, சவளக்கடைக்கி."

கிழவி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். சண்டை பிடிப்பாள் என்று அவன் எதிர்பார்த்தான். பிடித்திருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். "நீங்கதான் வாப்பா. நாங்க என்னத்தச் சொல்ற?" என்றாள் கடைசியில். "ஒரேயடியாப் பிச்செடுத்துக்கொண்டு போயிராதீங்க மனே. புள்ள தாங்காது. பழக்கிக் கொண்டு போங்க."

பழக்கத் தொடங்கினான். சவளக்கடையில் அவனுடைய ராத்தா றுஸ்தாவின் வீடு வட்டை வயலுக்குப் பக்கத்தில். புருசன் சரீப் வேளாண்மைக்காரர். பிள்ளைகள் இருவரும் பெரியவர்களாகி அக்கரைப்பற்றில் தங்கிப் படிக்கிறார்கள். ஓர் அறை சும்மா கிடந்தது. முதல் வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாளே நிப்றாஸ் ராத்தாவுக்குப் போன் எடுத்துச் சட்டம் போட்டுவிட்டான்.

"ராத்தா, அவள ஒருத்தரும் ஏசப்படாது. கேட்டதக் குடுங்க. சாப்பிடாட்டி வற்புறுத்த வாணாம். அவளுக்கு அந்த இடம் சந்தோசமா இரிக்கோணும். அப்பதான் தங்குவாள்."

"எனக்குப் புள்ள வளக்கத் தெரியாதாடா?" என்று றுஸ்தா சிரித்தாள். ஆனால் சொன்னபடியே செய்தாள். பிழை அங்கேதான் தொடங்கியது. அதை யாரும் பிழை என்று நினைக்கவில்லை.

நல்ல வெயில் காலம். கச்சான் காற்று வயல் பக்கமிருந்து சூடாக வீசிக்கொண்டிருந்தது. நப்லா மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் தாங்கி மேல் உட்கார்ந்து, கைப்பிடியின் நடுவில் பிடித்துக்கொண்டு, போகிற வழியெல்லாம் கதைத்துக்கொண்டே வருவாள். நற்பிட்டிமுனை தாண்டி, சேனைக்குடியிருப்புத் தாண்டி, கிட்டங்கிப் பாலத்துக்கு வந்ததும் நிறுத்தச் சொல்லுவாள். நிறுத்தாவிட்டால் விடமாட்டாள். இரண்டு பக்கமும் தண்ணீர், தாமரை இலை, கழுத்தளவு தண்ணீரில் கிடக்கிற எருமைகள், எருமை முதுகில் கொக்கு.

"ஒரு மாடு, ரெண்டு மாடு, அஞ்சு மாடு, வாப்பா!"

"மூணு எங்க போன?"

"மூணு தண்ணிக்குள்ள குளிக்கி."

பாலத்தடியில் ஒரு பெண் பேணியால் அளந்து பாலைப்பழம் விற்பாள். பழத்தின் பால் உதட்டில் ஒட்டி, நப்லாவின் வாய் பசை பூசினதுபோல் ஆகிவிடும். மேல் உதட்டையும் கீழ் உதட்டையும் ஒட்டவைத்துப் பிரித்து, ஒட்டவைத்துப் பிரித்து, அதுவே பத்து நிமிட விளையாட்டு. நிப்றாஸும் ஒட்டவைத்துக் காட்டுவான். முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை றோட்டோரம் நின்று உதட்டைக் குவித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, போகிற வருகிறவர்கள் சிரிப்பார்கள். அவனுக்கு அது உறைக்கவே இல்லை. இரண்டு வருடமாகச் சிரிக்காத மனிதன் அவன்.

சவளக்கடையில் பகல் முழுக்க அவள் ராச்சியம்தான். வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும். நிப்றாஸ் அவளுடைய வயிற்றுக்குக் கீழே கையை வைத்து ஏந்திக்கொள்ள, அவள் காலை அடித்து அடித்து நீந்துவாள். "வாப்பா, நான் மீன்! கைய எடுங்க! எடுக்காதீங்க!" இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுவாள். குளித்து வந்தால் றுஸ்தா எருமைத்தயிரில் பனங்கட்டி போட்டுக் கொடுப்பாள். சரீப் கன்றுக்குட்டியைப் பிடித்துத் தொடக் கொடுப்பார். தயிர் உடுப்பில் கொட்டினால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. செருப்போடு வீட்டுக்குள் ஓடினாலும் ஒன்றும் சொல்வதில்லை. பின்னேரம் அவளைக் குளிக்கச் சொல்லி யாரும் துரத்துவதில்லை. மஃரிப் தொழுகைக்கு முன் ஐஸ்பழம் ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்து, அவன் அவளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வருவான்.

அவனுக்கே மனம் நிறைந்துபோகும். பிள்ளை அங்கே கத்துவதில்லை, சோற்றைத் துப்புவதில்லை, அடம் பிடிப்பதில்லை. காலை மடித்து உட்கார்ந்து, கொடுத்ததைச் சாப்பிட்டு, போதுமென்றால் "காணும் மாமி" என்று அழகாகச் சொல்லுவாள். அவளுக்கு இடம் பிடித்துவிட்டது என்று நிப்றாஸ் சந்தோசப்பட்டான். விருந்துக்குப் போன வீட்டில்தான் பிள்ளைகள் குழப்படி செய்யாமல் இருக்கும் என்பது அவன் மண்டையில் ஏறவே இல்லை.

மற்ற ஆறு நாளும் மருதமுனையில் வேறு கதை. ஸஹ்றா தையல் மெஷினில் குந்தினால் நப்லா மெஷினுக்குக் கீழே குந்துவாள். வெட்டுத்துண்டுகளைப் பொறுக்கித் தன் பொம்மைக்கு உடுப்பு, அந்த உடுப்பை ஒட்டுவதற்குச் சோறு. "சோத்த வீணாக்காதடி, ஹறாம்!" என்று ஒரு ஏச்சு. நகம் கடித்ததற்கு ஓர் ஏச்சு. கிணற்றடியில் வழுக்கியதற்கு ஏச்சு, வழுக்கின இடத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டே. சோற்றை மீன்குழம்பில் பிசைந்து உருட்டி, "வாயத் தொற, இதுதான் கடைசி" என்று பத்துக் கடைசி ஊட்டுவாள். இருமினால் கொத்தமல்லி அவித்த தண்ணீர். அதைக் குடிக்க வைக்க வீட்டில் ஒரு யுத்தமே நடக்கும். அது முடிந்த பிறகு, தோற்றுப்போன பிள்ளை, ஜெயித்தவளின் மடியிலேயே விழுந்து நித்திரையாகிவிடுவாள். முன்னறைக் கதவால் நிப்றாஸ் இதைப் பார்ப்பான். பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வான்.

ஆறாவது வெள்ளி கழிந்தபோது அவன் முடிவெடுத்துவிட்டான். அடுத்த வெள்ளி போனால் திரும்பி வருவதில்லை. கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும். வீட்டுக்கு வெள்ளை அடிக்கவும் அவர்களுக்கு அவகாசம் வேண்டும்.

வியாழக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்தபோது, ஸஹ்றா முன்னறை வாசலில் ஒரு பையோடு நின்றாள். கலியாணப் பெண்ணின் முகமாக அது இல்லை.

"மச்சான், உடுப்பெல்லாம் வெச்சிரிக்கன். மஞ்சள் கவுன வெய்யிலுக்குப் போடாதீங்க, அது மேல கடிக்கும். மூக்கடைச்சா தலவாணிய உசத்தி வைங்க. மறுகா... மீன்ல முள்ளெடுத்தாலும் ஒருக்காக் கையால நசிச்சிப் பாருங்க, அவள் பாக்காம முழுங்குவாள்."

"ராத்தா பாத்துக்குவா ஸஹ்றா."

"ஓம், பாத்துக்குவா. நல்ல மனிசி." ஸஹ்றா பையின் வாரைச் சுருட்டினாள், விரித்தாள். "படுக்கக்க என்ட காதப் புடிச்சிக்கொண்டுதான் படுப்பாள். மாமிட காதப் புடிக்க வெக்கப்படுவாளோ தெரியா. நீங்க உங்கட காதக் குடுங்க."

பையை வாசற்படியில் வைத்துவிட்டு விறுவிறு என்று உள்ளே போய்விட்டாள். நிப்றாஸ் அந்தப் பையைத் தூக்கினபோது அது பாரமாக இருந்தது. ஒரு பிள்ளையின் உடுப்பு அவ்வளவு பாரம் இருக்காது. பொம்மையும், வெட்டுத்துண்டுகளும், கொத்தமல்லிப் பொட்டலம் ஒன்றும் உள்ளே இருந்தன.

ஏழாவது வெள்ளிக்கிழமை சரீப்பின் வயலில் அறுவடை. வெட்டு மெஷின் வந்து இறங்கியிருந்தது. வீடு அளவு பெரிய அந்த மெஷினைப் பார்த்து நப்லா முதலில் வாப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். பிறகு சரீப் அவளைத் தூக்கி வரம்பின் மேட்டில் நிற்க வைத்தார். மெஷின் போகப் போக, அதன் பின்னால் நூற்றுக்கணக்கில் கொக்குகள் இறங்கின. நப்லா கைகளை விரித்துக்கொண்டு கொக்குகளைத் துரத்தி ஓடினாள். வைக்கோல் தூசி தலை முழுக்க. இரட்டைப் பின்னல் எப்போதோ அவிழ்ந்துவிட்டது. ஜும்ஆ முடிந்து வந்து எல்லோரும் வயல் வாடிக் குடிலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வத்தகப்பழம் வெட்டினார்கள். அதன் சாறு அவளுடைய முழங்கையால் வழிந்தது. இப்படி ஒரு நாள் பிள்ளைக்கு வாய்த்ததில்லை, நிப்றாஸுக்கும் வாய்த்ததில்லை. இனி எல்லா நாளும் இப்படித்தான் என்று அவன் நெஞ்சு சொன்னது.

வெயில் தாழ்ந்தது. நப்லா தானாகவே போய்த் தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து, றுஸ்தாவுக்கு முன்னால் நின்றாள்.

"நாங்க போயிட்டு வாறம் மாமி. அடுத்த கிழம வாறம்."

றுஸ்தா தம்பியைப் பார்த்தாள். நிப்றாஸ் பிள்ளைக்கு முன்னால் குந்திக்கொண்டான்.

"மகள், இண்டைக்கு நாம இஞ்சதான் படுக்கப் போறம். உங்கட பொம்மயும் வந்திரிக்கி. பாருங்க, உங்களுக்கெண்டு ஒரு அற."

"சரி" என்றாள் நப்லா. கொஞ்சம் யோசித்தாள். "படுத்துட்டு வீட்ட போவமா?"

"இனி இதுதான் நம்மட வீடு."

பிள்ளை சிரித்தாள். வாப்பா பகிடி விடுகிறார் என்று நினைத்தாள். அவன் சிரிக்காததைக் கண்டதும் அவளுடைய சிரிப்பும் நின்றது. பையைப் பார்த்தாள். பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த பொம்மையின் தலையைப் பார்த்தாள். நாலு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு விளங்குமோ, அவ்வளவும் அந்த ஒரு பார்வையில் விளங்கிவிட்டது.

"நான் குழப்படி செய்யல்லியே வாப்பா" என்றாள்.

நிப்றாஸ் அவளுடைய தலையிலிருந்து ஒரு வைக்கோல் துரும்பை எடுத்தான்.

"சோத்தத் துப்பல்ல. செருப்பக் கழட்டித்தான் வெச்ச. மாமிக்கிட்டக் கேளுங்க. நான் ஒரு குழப்படியும் செய்யல்ல." அழுகை இன்னும் வரவில்லை. கணக்குச் சொல்லுகிறவள்போல ஒவ்வொன்றாகச் சொன்னாள். "சாச்சிக்கிட்ட இனி கத்த மாட்டன். சீப்புக்கு ஓட மாட்டன். வாப்பா, சாச்சி ஏசுவா. இருட்டினா சாச்சி ஏசுவா. வீட்ட போவம்."

"சாச்சி ஏச மாட்டா மகள். இஞ்ச ஒருத்தரும் உங்கள ஏச மாட்டாங்க."

அதைக் கேட்ட பிறகுதான் பிள்ளை அழத் தொடங்கினாள். அது கிணற்றடியில் அழுகிற, பின்னல் முடிந்ததும் நிற்கிற அழுகை இல்லை. சத்தமே வராமல், வாயைத் திறந்துகொண்டு, மூச்சு இழுபட்டு இழுபட்டு வந்த அழுகை. றுஸ்தா தூக்கினாள், சரீப் கன்றுக்குட்டியைக் காட்டினார், தயிர் வந்தது. மரியாதை தெரிந்த பிள்ளை, அழுதுகொண்டே "வாணாம் மாமி" என்றாள். அதைக் கேட்க றுஸ்தாவுக்கே பொறுக்கவில்லை. உள்ளே போய்த் தானும் அழுதாள்.

நிப்றாஸ் பையை எடுத்து மோட்டார் சைக்கிளில் கட்டினான். "கூட்டிக்கொண்டு போறியாடா?" என்று றுஸ்தா கேட்கக் கேட்க, பிள்ளையைத் தூக்கித் தாங்கி மேல் வைத்தான். வருகிற வழியில் பாலத்தில் நிறுத்தச் சொல்லி நப்லா கேட்கவில்லை. விக்கல் மட்டும் அவனுடைய நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது. நாலு பேருக்கு முன்னால் அழ வெட்கப்படுகிறவன், கிட்டங்கித் தண்ணீருக்கு நடுவில், காற்றின்மேல் பழியைப் போட்டுவிட்டு அழுதான்.

பள்ளியில் மஃரிப் வாங்கு சொல்லி முடிய மருதமுனைக்கு வந்து சேர்ந்தார்கள். சத்தம் கேட்டு ஸஹ்றா வாசல் கேற்றடிக்கு ஓடி வந்தாள். பிள்ளையைக் கண்டாள், பையைக் கண்டாள். பிறகு பிள்ளையின் தலையைப் பார்த்தாள்.

"என்னடி இது தலையா, வைக்கோல் போரா? காலையில எவ்வளவு கஸ்டப்பட்டுக் கட்டின! எங்க போய்ப் பிரண்டுட்டு வாறாய்? நட கிணத்தடிக்கி!"

நப்லா வாப்பாவின் கையை விட்டுவிட்டு ஓடினாள். கிணற்றடியிலிருந்து ஸஹ்றாவின் ஏச்சும், வாளித் தண்ணீரும், பிள்ளையின் கத்தலும் சேர்ந்து கேட்டன. கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் கேட்டது. ஸஹ்றா ஏசிக்கொண்டே அழுகிறாள் என்பது நிப்றாஸுக்கு மட்டும் விளங்கியது.

சுபைறா வாசலில் வந்து நின்றாள். தனக்குள் சொல்வதுபோல் சொன்னாள்.

"அண்டைக்கு நீங்க ஓமெண்டு சொல்லியிருந்தா மனே..."

குத்திக்காட்டவில்லை, ஆற்றாமையால் சொன்னாள். நிப்றாஸ் தலையைக் குனிந்துகொண்டான். மதிலோரத்தில் அன்றைக்குச் சொன்ன பதில் சரியானது என்று இரண்டு வருடமாக நம்பியிருந்தான், இப்போதும் நம்பினான். ஆனாலும், சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று அந்த நிமிடம் ஆசைப்பட்டான். பெண்ணுக்காக இல்லை, அந்தக் கிணற்றடிச் சத்தத்துக்காக. அப்படி ஆசைப்பட்டதற்காக றிஸ்னாவிடமும், கிணற்றடியில் நிற்கிறவளிடமும், தன்னிடமும் வெட்கப்பட்டான். பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்று பையைச் சுபைறாவின் கையில் கொடுத்தான். தன்னுடைய பெட்டியை அடுத்த நாள் வந்து எடுத்துக்கொண்டான். ராத்தா வீட்டிலிருந்து வேலைக்கு வந்து போவது தூரம் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு, கராஜின் பின்பக்கத்தில் பாயை விரித்துக்கொண்டான்.

கலியாணம் குறைவில்லாமல் நடந்தது. மாப்பிள்ளை ஸஜாத் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினான். அவனில் யாரும் குறை சொல்ல முடியாது. நப்லாவுக்கு அவன் வாங்கி வந்த சப்பாத்து நடந்தால் மின்னும் சப்பாத்து.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, நிப்றாஸ் அந்தக் கேற்றடியில் வந்து நின்றான். அவன் தன் கையால் பூசின கேற் அது. தள்ளிக்கொண்டு போவதா, கூப்பிடுவதா என்று தெரியவில்லை. ஸலாம் சொன்னான். "வாங்க நானா, உள்ளுக்கு வாங்க" என்று அண்ணன்முறை சொல்லிக்கொண்டு ஸஜாத் ஓடி வந்து கையைப் பிடித்தான். கதிரை போட்டான், மின்விசிறியைத் தட்டிவிட்டான். தேநீர், கீழே ஒரு தட்டோடு வந்தது. பக்கத்தில் பிஸ்கட். ஆறு வருடமாகக் குசினி வாசலில் குந்தியிருந்து தேநீர் குடித்தவன் நிப்றாஸ்.

"மச்சான், சீனி காணுமா?" என்று உள்ளேயிருந்து ஸஹ்றா கேட்டாள். ஒருநாளும் அவள் அதைக் கேட்டதில்லை.

"காணும் தங்கச்சி."

நப்லா மஞ்சள் கவுனோடு வந்தாள். இரட்டைப் பின்னல் ஒரு மயிர் பிசகாமல் இருந்தது. இன்றைக்குத் துரத்தலும் இல்லை, கத்தலும் இல்லை.

"வாப்பா, இண்டைக்கு எங்க பயணம்?"

சவளக்கடை என்று சொல்ல அவனுக்குப் பயம். தெற்கே, தூரத்திலுள்ள கோமாரிக்குப் போனார்கள். போகும் வழியில் ஜும்ஆவுக்கு இறங்கி, மத்தியானம் கடந்துதான் கடலைக் கண்டார்கள். நீளமான கடற்கரை, தென்னை, ஆளில்லாத மணல். அலை வந்து காலை நனைத்ததும் கூவிக்கொண்டு ஓடினாள். நண்டு வளைகளைத் தோண்டினாள். சந்தோசமாகத்தான் இருந்தாள். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கவுன் நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். மணலில் குந்துமுன் "இருக்கலாமா வாப்பா?" என்று கேட்டாள். வாங்கிக் கொடுத்த சோற்றுப் பார்சலில் ஒரு பருக்கை சிந்தவில்லை. ஐஸ்பழத்தைக் கையில் கொடுத்தபோது, "ஜஸாகல்லாஹ் வாப்பா" என்றாள். யாராவது ஏதாவது தந்தால் அப்படிச் சொல்ல வேண்டும் என்று ஸஹ்றா பழக்கியிருக்கிறாள். அவனுக்கு அதற்கு முன் ஒருநாளும் அவள் அதைச் சொன்னதில்லை. பிள்ளை எதிலும் குழப்படி செய்யவில்லை. நிப்றாஸின் நெஞ்சு பிளந்துபோனது அதனால்தான்.

திரும்பி வர மஃரிப் நெருங்கிவிட்டது. கேற்றடியில் நப்லா தானாகவே மோட்டார் சைக்கிளிலிருந்து வழுக்கி இறங்கினாள். சப்பாத்து மின்னியது. இரண்டடி ஓடினவள், என்னவோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்து, அவனுடைய காற்சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வாப்பா, நீங்களும் உங்கட வீட்ட போங்க. பிந்தினா உங்களயும் ஏசுவாங்க."

"ஓம் மகள்" என்றான் நிப்றாஸ். "ஏசுவாங்க."

அவள் ஓடிவிட்டாள். உள்ளே ஸஹ்றா தொடங்கிவிட்டாள்: "கவுனெல்லாம் மண்! கால் கழுவினியா? கழுவாம எங்கடி உள்ள போறாய்?" நப்லா ஏதோ எதிர்த்துக் கத்தினாள். நிப்றாஸ் இஞ்சினை முடுக்காமல் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். அந்த ஏச்சுச் சத்தம் கேட்கிற தூரம்வரை, ஒழுங்கை முழுக்க அதைத் தள்ளிக்கொண்டே போனான்.